கடைசிப் பகுதியும் அம்மாவின் ரிமோட்டும்

போன செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். அம்மா பேராதனைக்குக் கோல் எடுத்து, சாப்பிட்டியா, படிச்சியா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் இதைக் கேட்டா.

"பிள்ளை, அந்த நாடகம் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சாம். நான் ஒரு கிழமையாப் பாக்கேல்ல. உந்தப் பெட்டிக்குள்ள இருக்குமெண்டு சொன்னனியெல்லே?"

பக்கத்து வீட்டு ஆச்சி மோசம் போயிருந்தா. செத்தவீட்டிலிருந்து எட்டுச்செலவு வரைக்கும் அம்மா அங்கேதான் நின்றவ. தேத்தண்ணி ஊற்றுவது, சமைப்பது, வந்த சனத்தைக் கவனிப்பது என்று அந்தக் கிழமை போய்விட்டது. மூன்று வருடமாக அவ விடாமல் பார்த்த நாடகமும் அதே கிழமைக்குள் முடிந்துவிட்டது.

"ஓம் அம்மா, இருக்கும். தம்பியைப் போட்டுத்தரச் சொல்லுங்கோ."

"அவனிட்ட ரெண்டு தரம் கேட்டிட்டன். பிறகு எண்டுறான்."

"சரி விடுங்கோ, நான் வந்து போட்டுத்தாறன்."

பரீட்சை முடிந்து, கண்டியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்பது நாள் கழிந்திருந்தது. எங்கள் வீட்டுச் செயலி ஏழு நாள் நிகழ்ச்சிகளை மட்டும்தான் வைத்திருக்கும். நாடகத்தின் நேரத்தில் போய்ப் பார்த்தால் புது நாடகம் ஒன்றின் முதற் பகுதிகள் வரிசையாக நிற்கின்றன. யூடியூபில் தேடினேன். யாரோ ஒருவர், பிடிபடாமல் இருப்பதற்காகப் படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார். அதைப் போனில் காட்டினேன். அம்மா ஐந்து நிமிடம் பார்த்தா. "எல்லாரும் இடக்கையால சாப்பிடினம்" என்று சிரித்துவிட்டு எழும்பிப் போயிட்டா. "பரவாயில்ல பிள்ளை, முடிவு எனக்குத் தெரியும். எல்லாச் சனமும் சொல்லிப்போட்டுது."

இது ஒரு சின்ன விசயம்தான். ஒரு நாடகம். ஆனாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தவறவிட்ட நிகழ்ச்சியைப் பிறகு பார்க்கும் இந்த வசதியைக் 'கட்ச்-அப்' என்று சொல்கிறோம். அலைவரிசையில் போகும் நிகழ்ச்சி ஒரு சேவரில் பதிவாகும். இணையத்தின் வழியாக அதை எங்கள் வீட்டு ரீவிப் பெட்டிக்கு வரவழைத்துப் பார்க்கலாம். எத்தனை நாள் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒப்பந்தங்கள்தான் தீர்மானிக்கின்றன. பிபிசி தனது ஐபிளேயரை 2007 டிசம்பர் 25 அன்று முறைப்படி தொடங்கியபோது அங்கேயும் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு ஏழு நாள்தான். 2014இல் அது முப்பது நாளானது. 2019இல், புதிய நிகழ்ச்சிகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க ஒழுங்குபடுத்தும் அமைப்பு அனுமதி கொடுத்தது. ஏழு நாள் என்பது இயற்கை விதி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். யாரோ பேசித் தீர்மானித்தது, பேசினால் மாறக்கூடியது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த வசதி உண்மையில் யாருக்குத் தேவை?

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அது தேவையே இல்லை. இரவுச் செய்தி தொடங்கும்போது அவர் கதிரையில் இருப்பார். கிரிக்கெட் மட்ச் என்றால் நாணயம் சுண்டுவதிலிருந்து பார்ப்பார். அந்த நேரத்தில் ஏதும் வேலை வந்தால் வேலைதான் காத்திருக்கும். தம்பிக்கும் எனக்கும் வேண்டியதெல்லாம் போனிலேயே இருக்கிறது. ஆக, குறித்த நேரத்தில் ரீவிக்கு முன்னால் இருக்க முடியாத ஒரே ஆள் அம்மாதான். நாடகம் தொடங்கும் நேரத்தில்தான் புட்டு அவிக்க வேண்டும். அப்பா வந்து சாப்பாடு கேட்பதும் அப்போதுதான். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது அம்மாவின் நேரம். அம்மா அரை மணி நேர நாடகத்தை ஒரேயடியாக இருந்து பார்த்ததை நான் கண்டதில்லை. குசினி வாசலில், கையில் அகப்பையோடு நின்றுதான் பார்ப்பா. குக்கர் விசில் அடிக்கும்போது என்ன கதைத்தார்கள் என்று எங்களைக் கேட்பா. நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு "தெரியேல்ல" என்போம்.

இடையில் நிறுத்தும் பொத்தானும் பின்னால் போகும் பொத்தானும் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படிப்பட்ட ஒரு ஆளுக்காகத்தான் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பொத்தான்களைத் தொடாத ஒரே ஆளும் அவதான்.

ஏன் நீங்களே போட்டுப் பார்க்கவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "எங்கயாவது தட்டுப்பட்டு நிண்டிட்டா கொப்பர் பேசுவார். பிறகு உங்களத்தான் தேடோணும்" என்றா. ரிமோட்டைக் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். திரை முழுக்க ஆங்கிலம். படங்களாக வரிசை வரிசையாக ஏதேதோ விளம்பரங்கள். அம்மா சாதாரணதரம் வரைக்கும் படித்தவ. தமிழில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பா. பத்திரிகையின் மரண அறிவித்தல் முதல் விளம்பரம் வரைக்கும் விடமாட்டா. ஆங்கிலத்துக்கு முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பா.

செற்றிங்ஸுக்குள் போய் மொழிப் பட்டியலைத் திறந்தேன். கீழே இறங்க இறங்க, அங்கே 'தமிழ்' இருந்தது. பெட்டி வாங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. முதல் நாள் ஆங்கிலத்தைத் தெரிவுசெய்தது வேறு யாருமில்லை, நான்தான். தமிழில் போட்டால் எனக்கு விளங்காதாம், 'ஒரு மாதிரி' இருக்குமாம். மொழியுரிமை பற்றி வகுப்பில் ஒப்படை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அரச அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் கொதிக்கிறவர்கள்தானே நாங்கள். வீட்டுக்குள் அம்மாவுக்கு அதையே செய்து வைத்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் சிலர் கேட்கப் போவது எனக்குத் தெரியும்: நாடகம் பார்ப்பதற்கு இவ்வளவு கதையா? மாமியார் மருமகள் சண்டையும் பழிவாங்கலும் பெண்களைக் கெடுக்கிறது என்று நாங்களே இப்படியான தளங்களில் எழுதுகிறோம்தானே? எழுதுகிறோம். அந்த விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் தம்பி இரவு இரண்டு மணிவரை கேம் விளையாடுவதும், நான் கொரியன் தொடர் ஒன்றை ஒரே வார இறுதியில் பார்த்து முடிப்பதும் 'ரிலாக்ஸ்'. அம்மா அரை மணி நேரம் நாடகம் பார்ப்பது மட்டும் 'அடிமைத்தனம்' என்றால் அது விமர்சனம் இல்லை. எதைப் பார்ப்பது என்பதை அம்மாவோடு இருந்து வாதாடலாம். அதற்கு முதலில் தெரிவு செய்யும் ரிமோட் அவவின் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருந்து பார்த்த காலம் போய்விட்டது, இந்தச் செயலிகள் குடும்பத்தைப் பிரித்துவிட்டன என்பார்கள். அம்மாவின் இளமைக் காலத்தில், 1990களின் முதற்பாதியில், யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஊரே கூடி விடியவிடியப் படம் பார்த்த கதையை அம்மா இப்போதும் ஆசையாகச் சொல்லுவா. மற்ற இடங்களில் ஓடி முடிந்த படங்கள் எப்போதோ கொப்பியாக வந்து சேரும். எங்களுடைய முதல் கட்ச்-அப் அதுதான் போல. ஆனால் அந்தக் கதையிலும் ஒரு இடம் வரும்: "மூண்டாவது படம் நான் பாக்கேல்ல, விடியச் சமைக்கோணுமெண்டு அம்மா எழுப்பிக்கொண்டு போயிட்டா." மாமாமார் மூன்று படமும் பார்த்திருக்கிறார்கள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தியபோதும், கரண்ட் வந்த நேரத்தில் அம்மா ரீவி போடவில்லை. மோட்டர் போட்டுத் தண்ணி ஏற்றினா, உடுப்புத் தோய்த்தா. ஒன்றாக இருந்து பார்த்த காலத்திலும் இடையில் எழும்பிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் அந்தக் காலத்துக்கு ஏங்க எனக்கு விருப்பமில்லை.

சரி, என்ன செய்தேன்? பெட்டியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். 'அமைப்புகள்', 'முகப்பு' என்றெல்லாம் வந்தது. அம்மாவுக்கு அந்தச் சொற்கள் புதிது, ஆனால் வாசித்தா. நாடகம் பார்க்கும் செயலி மட்டும் மாறவில்லை. அதற்குள் தமிழே இல்லை. தமிழ் அலைவரிசைகளைக் காட்டித் தமிழ் வீடுகளில் மாதாமாதம் காசு வாங்கும் செயலிக்குள் நாலு தமிழ்ச் சொல் போடுவது பெரிய வேலையா? அதற்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் இல்லை. நீங்களும் போடலாம். அதுவரைக்கும் அந்தச் செயலியை முதல் வரிசையில் முதலாவதாக நகர்த்தி வைத்தேன். தேவையில்லாதவற்றை அழித்தேன். ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானுக்குச் சிவப்பு கியூடெக்ஸ், பின்னால் போவதற்கு வேறு நிறம். யூடியூபில் மைக் பொத்தானை அமத்தித் தமிழில் கதைத்தால் தேடித்தரும் என்று காட்டினேன்.

கஷ்டமாக இருந்தது சொல்லிக்கொடுப்பதுதான். அம்மா ஒரு பொத்தானை அமத்த யோசிக்கும் அந்தப் பத்து வினாடி எனக்குப் பொறுக்கவில்லை. கை தானாக ரிமோட்டைப் பறிக்கப் போகும். "தாங்கோ நான் போடுறன்" என்ற வசனத்தை எத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று அன்றுதான் விளங்கியது. உதவி என்று நினைத்துச் சொன்ன வசனம் அது. அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அம்மா என்னிடமோ தம்பியிடமோ கேட்க வேண்டிய ஆளாகவே இருந்துவிட்டா. அம்மா எனக்கு 'அ' எழுதப் பழக்கியபோது என் கையிலிருந்து பென்சிலைப் பறித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாலு நாள் எடுத்தது. இரண்டு தரம் பிழைத்து வேறெங்கோ போய் நின்றது. வெடிக்கவில்லை, உடையவில்லை. அப்பா பேசவும் இல்லை. அவருக்கும் செய்தியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று அம்மாதான் காட்டிக்கொடுத்தா.

அந்தக் கடைசிப் பகுதி திரும்பக் கிடைக்கப் போவதில்லை. வந்து போட்டுத்தாறன் என்று சொன்னதற்குப் பதிலாக, அன்றைக்கே போனில் பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியின் மொழிப் பட்டியலை ஒருக்கா திறந்து பாருங்கள். பிறகு ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

போன கிழமை இரவு வீட்டுக்குக் கோல் எடுத்தேன். வழமையாக நான் வைக்கும்வரை கதைக்கிற அம்மா, அன்றைக்கு அவசரப்பட்டா.

"கெதியாச் சொல்லு பிள்ளை, நான் நிப்பாட்டிப்போட்டு வந்து கதைக்கிறன்."