வழக்குகள் கூடினால் போலீஸ் தோற்றதா? மத்தியப் பிரதேசம் காட்டிய கணக்கு

ஒரு மாவட்டத்தில் பெண்கள் மீதான குற்ற வழக்குகள் கூடினால், 'பெண்களுக்குப் பாதுகாப்பில்லை' என்று செய்தி வரும். குறைந்தால், 'போலீஸ் நடவடிக்கைக்குப் பலன்' என்பார்கள். இரண்டுமே தப்பாக இருக்கலாம்.

எப்படி?

நடந்த குற்றம் வேறு, பதிவான வழக்கு வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி தேடினார்கள். 77 சதவீதம் பேர் யாரிடமும் சொல்லவே இல்லை. துணிந்து ஸ்டேஷன் வரை வருபவரையும் "வீட்டுச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்குங்கம்மா" என்று திருப்பி அனுப்பினால், அரசுக் கணக்கில் அந்தக் குற்றம் நடக்கவே இல்லை.

அப்படியென்றால் ஒரு திட்டம் வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு வழி முயன்று பார்க்கப்பட்டது. 2.34 கோடி மக்களுக்கான 180 காவல் நிலையங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் பெண்கள் உதவி மையம்: தனியாகப் பேச இடம், பயிற்சி பெற்ற போலீசார், புகாரைக் கையாளத் தெளிவான நடைமுறை. இரண்டாவது பிரிவில் அதே மையம், ஆனால் பெண் போலீஸ் பொறுப்பில். மூன்றாவது பிரிவில் எந்த மாற்றமும் இல்லை.

குலுக்கல் எதற்கு?

நல்ல இன்ஸ்பெக்டர் உள்ள ஸ்டேஷன்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், பலன் திட்டத்தாலா, அவராலா என்று தெரியாது. 'முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு' என்று ஒப்பிட்டாலும் சிக்கல்தான். நடுவில் ஊரடங்கு வந்தால் எண்கள் எல்லாமே மாறிவிடும். மாற்றம் செய்யாத பிரிவு ஒன்று இருந்தால், ஊரடங்கு அவர்களையும் பாதித்திருக்கும். அதையும் தாண்டித் தெரியும் வித்தியாசம்தான் திட்டத்தின் பலன்.

என்ன தெரிந்தது?

2022 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளியாகின. உதவி மையம் உள்ள நிலையங்களில் பெண்கள் மீதான வன்முறை வழக்குகள் கூடுதலாகப் பதிவாகின. பெண் போலீஸ் பொறுப்பில் இருந்த இடங்களில் இது இன்னும் அதிகம். இங்கே எண்ணிக்கை கூடியதுதான் வெற்றி.

மகளிர் காவல் நிலையங்கள் போதாதா?

தமிழ்நாட்டில் 1992-லேயே சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் 2015-ல் இதைத் தொடங்கிய ஹரியானாவை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கை தருகிறது. வழக்குப் பதிவு அங்கே கூடவில்லை. "மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க" என்று கைகாட்ட, சாதாரண நிலையங்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. பெண்களுக்கு அலைச்சலும் செலவும்தான் மிச்சம். பெண்களுக்குத் தனி இடம் என்ற ஒரே யோசனை, அமைக்கும் விதத்தைப் பொறுத்து இரண்டு மாநிலங்களில் இரண்டு விதமாக முடிந்திருக்கிறது.

எதைக் கேட்க வேண்டும்?

காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மையம் அமைக்க நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எத்தனை மையம் திறந்தார்கள் என்பது செலவுக் கணக்கு மட்டுமே. வந்த புகார்களில் எத்தனை வழக்கானது, எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனையில் தண்டனை கிடைத்தது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வன்முறை உண்மையிலேயே குறைந்ததா என்பதற்கு ஸ்டேஷன் பதிவேடு போதாது. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.