கருவி வாங்கியாச்சு, கவனிப்பது யார்? சிபேப் பயனர்களுக்கு எட்டாத தொடர் சிகிச்சை

கோலாலம்பூர் – குறட்டை விடுபவரைப் பார்த்து, “அசதி, நல்லா தூங்குறாரு” என்று சொல்லும் வழக்கம் இந்தியக் குடும்பங்களில் இன்னும் மாறவில்லை. அந்தக் குறட்டை திடீரென நின்று, சில நொடி அமைதிக்குப் பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது நல்ல தூக்கம் அல்ல. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்ளும் நோய் அது. தூக்க மூச்சுத்தடை என்று அதைச் சொல்லலாம்.

விழிப்புணர்வு மெல்ல வளர்ந்து, பரிசோதனை செய்து, ‘சிபேப்’ எனப்படும் காற்றழுத்தக் கருவியையும் வாங்கியவர்கள் இப்போது தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் இருக்கிறார்கள். ஆனால், வாங்கிய கருவி சில மாதங்களில் அலமாரிக்குப் போய்விடுவதும் நடக்கிறது. “எனக்கு ஒத்துவரல” என்ற ஒரே வாக்கியத்தோடு பலருடைய சிகிச்சை முடிந்துவிடுகிறது. ஒத்துவராததற்குக் காரணம் கருவியா, முகமூடியா, அழுத்தமா, மூக்கடைப்பா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லாததே உண்மையான சிக்கல்.

நோயின் அளவு

2019-இல் ‘தி லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்த மூச்சுத்தடை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவர்களில் 42 கோடியே 50 லட்சம் பேருக்கு நோய் நடுத்தர அல்லது கடுமையான நிலையில் இருக்கலாம் என்பதும் அதே ஆய்வின் கணக்கு.

இந்நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று உடல் எடை. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகிய மூன்றும் மூச்சுத்தடையோடு கைகோத்து வருபவை. இந்தியக் குடும்பங்களில் இந்த மூன்றும் புதியவை அல்ல என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை வைத்தே நோயின் தீவிரம் கணக்கிடப்படுகிறது. 5 முதல் 15 முறை என்றால் லேசானது; 15 முதல் 30 வரை நடுத்தரம்; 30-க்கு மேல் கடுமையானது. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் அறிமுகப்படுத்திய சிபேப் முறை, முகமூடி வழியாகக் காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தி, மூச்சுப் பாதை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. நோயை அது குணப்படுத்துவதில்லை. போட்டிருக்கும் நேரத்தில் மட்டுமே காக்கிறது. இந்த ஒரு காரணத்தாலேயே தொடர் கவனிப்பு தவிர்க்க முடியாததாகிறது.

மூன்று பேர் நடுவே ஒரு நோயாளி

மலேசியாவில் தூக்க நோய்களுக்கென்று எல்லா மருத்துவமனைகளிலும் தனிப்பிரிவு இல்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவு, நுரையீரல் பிரிவு, நரம்பியல் பிரிவு என்று இடத்துக்கு இடம் பொறுப்பு மாறுகிறது. தூக்க ஆய்வுக்கூட வசதியும் பெரும்பாலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலுமே உள்ளது.

பரிசோதனை மருத்துவமனையில் நடக்கிறது. கருவியை விற்பது நிறுவனம். பணம் கட்டுவது நோயாளி. விற்ற நாளில் பொத்தான்கள் எப்படி இயங்கும் என்று அரை மணி நேரம் சொல்லித் தருகிறார்கள். அதன் பிறகு முகமூடி கன்னத்தை அழுத்தினால் யாரிடம் போவது? மருத்துவரிடம் போனால், “கம்பெனிய கேளுங்க” என்ற பதில் வரலாம். கம்பெனியைக் கேட்டால் புதிய முகமூடியின் விலை வரலாம். மூன்று பேரும் தத்தம் வேலையைச் செய்துவிட்டார்கள். ஆனால் நோயாளி முழு இரவு தூங்கினாரா என்ற கேள்வி மட்டும் யாருடைய மேசையிலும் இல்லை.

தொடர் சந்திப்பில் என்ன பார்க்கிறார்கள்?

சிபேப் கருவி ஒவ்வோர் இரவும் கணக்கு எழுதி வைக்கிறது. எத்தனை மணி நேரம் போட்டிருந்தார், முகமூடியில் எவ்வளவு காற்று கசிந்தது, கருவி ஓடியபோதும் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது ஆகிய மூன்றும் நினைவக அட்டையிலோ கைப்பேசிச் செயலியிலோ பதிவாகின்றன. மருத்துவர் இவற்றைப் பார்த்தால் குறை எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கசிவு அதிகம் என்றால் முகமூடியின் அளவோ வகையோ தவறு. வாயைத் திறந்து தூங்குபவருக்கு மூக்கை மட்டும் மூடும் முகமூடி சரிவராது. தொண்டை வறண்டு மூக்கு எரிந்தால் ஈரப்பதமூட்டியைச் சரிசெய்ய வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும். காற்று மூச்சுமுட்ட வைத்தால், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும் வசதியை இயக்கலாம். இவை எல்லாம் பெரிய சிகிச்சைகள் அல்ல. ஆனால் தெரிந்த ஒருவர் செய்து தராவிட்டால், கருவியே வேண்டாம் என்ற முடிவுக்கு நோயாளி வந்துவிடுவார்.

இன்னும் சில குறைகளை நோயாளி தானாக உணரவே முடியாது. சிலருக்குக் கருவியைப் போடத் தொடங்கிய பிறகு வேறு வகை மூச்சுத்தடை தோன்றுகிறது. தொண்டை திறந்திருந்தும் மூச்சை இழுக்கச் சொல்லும் மூளையின் கட்டளை சில நொடிகள் நின்றுபோகும் நிலை அது. பலருக்கு வாரங்களில் தானே மறையும். மறையாதவர்களுக்குச் சிகிச்சை முறையையே மாற்ற வேண்டிவரும். கருவியை ஒழுங்காகப் போட்டும் பகல் தூக்கம் விடவில்லை என்றால் தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள், வேலை நேரம் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். எடை கணிசமாகக் கூடினாலோ குறைந்தாலோ பழைய அழுத்தம் பொருந்தாமல் போகலாம்.

முதல் சில நாள்களும் வாரங்களும் மிக முக்கியம். தொடக்கத்தில் பழகிக்கொள்பவரே பின்னரும் தொடர்கிறார் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டியும் கற்பித்தல், தொடக்கக் காலச் சிக்கல் தீர்த்தல், தொலைவழிக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சிகிச்சையின் பகுதியாகவே பரிந்துரைக்கிறது.

3.3 மணி நேரத்தின் பாடம்

கருவி இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வு ஒரு பாடம். ஏற்கெனவே இதய அல்லது மூளை ரத்தநாள நோய் கொண்ட 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இந்த ஆய்வில், சிபேப் கொடுக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால், அவர்கள் கருவியைப் போட்டிருந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம் மட்டுமே. பாதித் தூக்கத்துக்கும் குறைவான பாதுகாப்பு முழுப் பலன் தருமா என்ற கேள்வியை நிபுணர்கள் அப்போதிலிருந்து எழுப்பி வருகிறார்கள்.

அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. முதல் மூன்று மாதங்களுக்குள் தொடர்ச்சியான ஏதேனும் 30 நாள்களில், 70 விழுக்காட்டு இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் கருவியைப் பயன்படுத்த வேண்டும். நோயாளியை மருத்துவர் மறுபடியும் பார்த்துப் பலனைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கருவிக்கான பணம் நிறுத்தப்படும். கடுமையான விதிதான். ஆனால் மூன்று மாதத்துக்குள் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலையை அது உருவாக்குகிறது. மலேசியாவில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள். கருவியைத் திரும்பக் கேட்க யாரும் வரமாட்டார்கள், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்கவும் வரமாட்டார்கள்.

ஓட்டுநர்களின் அச்சம்

இதில் லோரி, பஸ், கிரேன் ஓட்டுபவர்களின் நிலை தனி. இந்தியர்கள் கணிசமாக உள்ள தொழில்கள் இவை. ஜிடிஎல், பிஎஸ்வி உரிமங்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். தூக்க நோய் என்று சொன்னால் உரிமம் போய்விடுமோ, முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு.

பிரிட்டனில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். நடுத்தர, கடுமையான நோயும் பகல் தூக்கமும் உள்ள லோரி, பஸ் ஓட்டுநர்கள் நோய் கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை ஓட்டக் கூடாது. சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றினால் மீண்டும் ஓட்டலாம். ஆண்டுதோறும் அதை மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். அங்கே தொடர் கவனிப்பே ஓட்டுநரின் வேலைக்குக் காப்பு. கருவியில் பதிவான இரவுக் கணக்கு, “நான் பாதுகாப்பாக ஓட்டத் தகுந்தவன்” என்பதற்கு அவர் காட்டும் சான்று. இங்கே அப்படி ஒரு சான்றைத் தர நோயாளிக்கு நிலையான ஒரு கிளினிக் வேண்டும்.

தூரம், ஷிப்டு, மொழி

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். கட்டணம் தடை அல்ல. லாபிசிலோ பாகான் செராயிலோ உள்ளவர் பெரிய மருத்துவமனைக்குச் சென்று வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பதே தடை. இரவு 12 மணி நேர வேலை பார்க்கும் பாதுகாவலர் பகலில்தான் தூங்குகிறார். அவரது சந்திப்பு நேரமும் பகலில்தான். கருவியின் கையேடும் செயலியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய மூத்தவருக்குப் பேரப்பிள்ளை படித்துச் சொன்னால்தான் உண்டு.

கருவிக்குச் சில ஆயிரம் ரிங்கிட். முகமூடி, குழாய், வடிகட்டி ஆகியவற்றை அவ்வப்போது மாற்றவும் செலவு. சுமையைக் குறைக்க இணையச் சந்தையில் பழைய கருவியை வாங்குபவர்களும் உண்டு. வேறொருவருக்கு வைத்த அழுத்தத்தோடு அதை அப்படியே போட்டுக்கொள்வது ஆபத்து.

தொடர்பு இல்லாததால் வரும் இன்னோர் ஆபத்தை 2021 காட்டியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்க வைத்த நுரைப்பொருள் சிதைந்து மூச்சோடு உள்ளே போகலாம் என்று கூறி, உலகளவில் பல லட்சம் சுவாசக் கருவிகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது. 2022-இல் காந்தப் பிடிப்புள்ள அதன் முகமூடிகள் பற்றியும் எச்சரிக்கை வந்தது. இதயமுடுக்கி போன்ற கருவி பொருத்தப்பட்டவர்களும், அவர்கள் அருகில் படுப்பவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதே செய்தி. எந்த நோயாளி எந்தக் கருவியைப் போடுகிறார் என்ற பட்டியல் ஒரு கிளினிக்கில் இருந்தால் இத்தகைய செய்தி ஒரு தொலைபேசி அழைப்பில் போய்ச் சேரும். இல்லாவிட்டால் நாளிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

நீரிழிவு நோயாளிகளுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் பச்சை நிறப் பதிவுப் புத்தகம் கொடுக்கிறார்கள். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், அடுத்த சந்திப்பு எல்லாம் அதில் இருக்கும். பயிற்சி பெற்ற தாதியர் பேசி விளக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் நிபுணரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சிபேப் பயனர்களுக்கும் இதே முறை பொருந்தும். கணக்கைப் பார்க்கவும் முகமூடியைச் சரிசெய்யவும் பயிற்சி பெற்ற தாதியோ தொழில்நுட்பரோ போதும். சிக்கலானவற்றை மட்டும் காணொலி வழியாக நிபுணரிடம் அனுப்பலாம். நிபுணர்கள் குறைவாக உள்ள நாட்டில் இதுவே நடக்கக்கூடிய வழி.

2024 டிசம்பரில் அமெரிக்கா, உடற்பருமனோடு மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியை அனுமதித்தது. இதைக் கேள்விப்பட்டு, “ஊசி போட்டா மெஷின் வேண்டாம்” என்று எண்ணுவது தவறு. எடை குறைந்த பின் கருவி இன்னும் தேவையா என்பதை மறுபரிசோதனைதான் சொல்ல வேண்டும். புதிய மருந்துகள் வர வர, தொடர் கவனிப்பின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

அமைப்பு மாறும்வரை நோயாளிகள் செய்யக்கூடியவை சில உண்டு. வாங்கும் முன்பே, “முதல் மாதம் யார் பார்ப்பார்கள்? முகமூடி பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா?” என்று விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒரு மாதத்துக்குள்ளும் மூன்றாம் மாதத்திலும் மருத்துவரைப் பார்க்கத் தேதி கேட்க வேண்டும். அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது போக வேண்டும். போகும்போது கருவியையோ நினைவக அட்டையையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அழுத்தத்தைத் தாங்களே மாற்றக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்குப் போனால் மயக்க மருத்துவரிடம் சொல்லி, கருவியையும் கொண்டுபோக வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்கு போனாலும் அது உடன் வர வேண்டும். ஓரிரு இரவு விட்டாலே நோய் திரும்பிவிடும்.

பண வசதி இல்லாதவர்கள் அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவை அணுகி, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்கலாம். மெடிக்கல் கார்டு வைத்திருப்பவர்கள் தூக்கப் பரிசோதனையும் கருவியும் அதில் அடங்குமா என்று ஆவணத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. இந்தியர் நலனுக்காக மருத்துவ முகாம் நடத்தும் ஆலயங்களும் இயக்கங்களும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு, “வீட்டில் யாராவது சிபேப் வைத்திருக்கிறீர்களா, போடுகிறீர்களா?” என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் செலவு ஏதும் இல்லை. அலமாரியில் கிடக்கும் கருவிகள் எத்தனை என்பதாவது தெரியவரும்.