கொல்வது கருவியன்று என்பார்க்கு மறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2012ஆம் ஆண்டு சாண்டி ஹூக் பள்ளியிற் சிறார் 20 பேரும் ஆசிரியர் முதலாயினார் 6 பேரும் சுடப்பட்டு மாண்டனர். இத்தகைய கொடுமை நிகழுந்தோறும், "கொல்வது துப்பாக்கியன்று; மனிதனே. அவன் மனநோயே காரணம்" என்பார் அந்நாட்டிற் பலர். அது பொருந்தாது. என்னை? நிமித்தகாரணத்தைக் கொண்டு துணைக்காரணத்தைக் கைவிட்டமையின் என்க. குயவன் இருந்தும் தண்டசக்கரம் இன்றேற் குடம் யாங்ஙனம் தோன்றும்?

மனநோய் எந்நாட்டில் இல்லை? வீடியோ விளையாட்டைப் பழிப்பாரும் உளர். அவ்விளையாட்டிற் சப்பானியர் இளைத்தவரோ? அங்கே துப்பாக்கிக் கொலை மிக அரிது. அமெரிக்காவிலோ குடிகள் கைத் துப்பாக்கிகள் மக்கட்டொகையினும் மிகுதி.

ஆஸ்திரேலியாவில் 1979 முதல் 1996 வரை ஐவரோ அவரின் மிக்காரோ சுடப்பட்டு மடிந்த நிகழ்ச்சிகள் 13. அவற்றுட் கொடியது போர்ட் ஆர்தரில் 35 உயிரை உண்டது. உடனே பிரதமர் ஹோவார்ட், தம் கட்சியாருட் சிலர் முணுமுணுக்கவும், ஏறக்குறைய 6,50,000 துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழிப்பித்தார். அடுத்த பத்தாண்டில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றேனும் இல்லை. அப்பத்தாண்டில் அந்நாட்டார் மனநோயெல்லாம் தீர்ந்தொழிந்ததோ?

அதே 1996இல் அமெரிக்கச் சட்டசபை செய்ததைக் கேண்மின். நோய்த்தடுப்பு நிலையத்தார் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தற்குப் பொருள் செலவிடலாகாது என விதித்தது. அதற்கு அஞ்சி ஆராய்ச்சியே இருபதாண்டுக்கு மேல் முடங்கிற்று. இங்ஙனம் ஆராய்வார் கையைக் கட்டிவைத்தோரே, "காரணம் இன்னும் துணியப்படவில்லை" என்கின்றனர்!