மலை ஏறணுமா மச்சி? அடுத்த பஸ்ஸைப் பிடி!

ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில்காரன் சுவர்ல சான்டோரினி தீவு போஸ்டர் ஒட்டி வெச்சிருக்கான். வெள்ளை வீடு, நீலக் கூரை, கீழே கடல். 'ஃபைனல் இயர்ல கிரீஸ் போறோம் மச்சி'ன்னு ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து சொல்றான். பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கலை என்பது தனிக் கதை. போன செமஸ்டர் லீவுல எல்லார் பாக்கெட்டையும் தட்டிப் பார்த்ததில் தேறினது, ஆளுக்கு 1,500 ரூபாய். "சரி, எங்க ஊருக்கு வாங்கடா"ன்னு மூணு பேரைத் திருவண்ணாமலைக்குக் கிளப்பிட்டுப் போனேன்.

'கோயில் ஊர்ல நமக்கு என்ன இருக்கு?'ன்னுதானே நீங்களும் கேட்கறீங்க? சொல்றேன்.

முதல்ல, பௌர்ணமிக்கு வராதீங்க. லட்சக்கணக்குல கூட்டம் வரும். முன்னாடி போறவர் முதுகைத்தான் பார்ப்பீங்க. சாதாரண செவ்வாய், புதன் வாங்க. வேலூர் வரைக்கும் போயிட்டிருந்த சென்னை பீச் ரயிலை 2024 மே மாசம் எங்க ஊர் வரைக்கும் நீட்டினாங்க. பஸ்ஸைவிட ரொம்ப மலிவு. ஆனா, நடுராத்திரியில இறக்கிவிடும். டைமை ஒரு தடவை பார்த்துட்டு ஏறுங்க.

விடிகாலை நாலரைக்கு செருப்பைக் கழட்டிட்டு கிரிவலத்தை ஆரம்பிங்க. 14 கிலோமீட்டர். சாமி கும்பிடறவங்களுக்கு இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சு ஈசான்யம் வரை எட்டு லிங்கம் உண்டு. கும்பிடாதவங்களுக்கு மலை உண்டு. சும்மா இல்லை பாஸ், ஒவ்வொரு திருப்பத்துலயும் வேற மலை மாதிரி நிக்கும். ஒரு இடத்துல ஒத்தை முக்கோணம், இன்னொரு இடத்துல முகடு முகடா பிரிஞ்சு தெரியும். மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை வர்றப்போ வெளிச்சம் வந்துடும். சுக்கு காபி அங்கே குடிங்க. குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் இருக்கார். குட்டி மண்டபம், ஒருக்களிச்சுப் படுத்து, ஊர்ந்து வெளியே வரணும். எங்க டீம் குண்டனை ரெண்டு பேர் இழுத்தோம். பின்னாடி நின்ன பாட்டி, "மூச்சை விடாம நெளியாதப்பா, மூச்சை விட்டுட்டு நெளி"ன்னு டெக்னிக் சொல்லிக் குடுத்தாங்க. வந்துட்டான்!

பிரச்னை அதுக்கப்புறம்தான். போஸ்டர்காரனுக்கு உச்சிக்கு ஏறியே ஆகணுமாம். 2,668 அடி. வனத்துறை அனுமதி இல்லாம ஏறக்கூடாதுன்னு சொன்னேன். "காசு குடுத்தா கூட்டிட்டுப் போறேன்னு அங்கே ஒருத்தர் சொல்றாருடா"ன்னு நின்னான். "சொந்த ஊர் மலையிலயே ஏற பயமா?"ன்னு நக்கல் வேற.

நான் பதில் பேசலை. வ.உ.சி. நகர் பக்கம் கையைக் காட்டினேன். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. மலைச்சரிவுல மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர். அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அந்தப் பக்கம்தான் நான் பத்தாவதுல டியூஷன் போனேன். அன்னிக்கு நான் சென்னை ஹாஸ்டல்ல இருந்தேன். அம்மா போன் ராத்திரி முழுக்க ஸ்விட்ச்டு ஆஃப். கரன்ட் இல்லை, அவ்வளவுதான். ஆனா அது எனக்கு மறுநாள்தான் தெரியும். அந்த வருஷ தீபத்துக்கு பக்தர்களை மலை ஏறவே விடலை. சிவில் படிக்கிற நாம வகுப்புல 'ஸ்லோப் ஸ்டெபிலிட்டி'ன்னு ஒரு சாப்டரை மார்க்குக்காகப் படிக்கிறோமே, அது இதுதான். ஊறின மண்ணுக்குப் பிடிப்பு போயிடும்.

போஸ்டர்காரன் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை.

உசரத்துலேர்ந்து பார்க்கணும்னா ரமணாஸ்ரமத்துக்குப் பின்வாசல் பாதை இருக்கு. திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போங்க, மழை நாள்ல வேண்டாம். கல் பாவின பாதையில ஸ்கந்தாஸ்ரமம். ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த இடம். கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில நின்னா மொத்தக் கோயிலும் உள்ளங்கையில வெச்ச மாதிரி தெரியும். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் காலத்துல முடிஞ்ச 217 அடி ராஜகோபுரத்தை, நீங்க குனிஞ்சு பார்ப்பீங்க! சிகரெட், தீப்பெட்டி கீழேயே இருக்கட்டும். மொட்டையாக் கிடந்த சரிவுகள்ல பல வருஷமா ஆளுங்க கன்னு நட்டு வளர்த்த காடு அது. கோடையில ஒரு பொறி போதும்.

ஆனாலும் கால் அரிக்குதா? மறுநாள் செஞ்சி பஸ் ஏறுங்க. ராஜகிரிக் கோட்டை. டிக்கெட் வாங்கிட்டு உச்சி வரைக்கும் தாராளமா ஏறலாம். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல, மராத்தா கோட்டைகளோட சேர்ந்து இடம் பிடிச்சது. காலையிலேயே ஏறிடுங்க, பாறை சுடும். பாதி தூரத்துல, "தண்ணி இருக்கா மச்சி"ன்னு உட்கார்ந்தது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் ரூம்ல போஸ்டர் இருக்கு.

சாத்தனூர் அணைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிடறதும் பிளான்ல இருந்தது. கையில மிச்சம் 140 ரூபாய், நாலு பேருக்கு. டீயும் பன்னும் சாப்பிட்டுட்டு பஸ் ஏறினோம்.