நத்தார்த் தட்டம்

மார்கழி பிறந்து வாடைக்காற்றுக் கூதலைக் கொண்டுவரும் நாட்களில், யாழ்ப்பாணத்துக் கடலோரத்திலுள்ள எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மாவிடிக்கும் ஓசை கேட்கும். பனையோலையும் வைக்கோலுங் கொண்டு பிள்ளைகள் பாலன் குடில் அமைப்பர். பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் கொக்கிஸும் எண்ணெயில் வேகும். நடுச்சாமப் பூசை முடிந்து, பொழுது விடிந்ததும், வெள்ளைத் துணியால் மூடிய தட்டங்களை ஏந்திக்கொண்டு நாங்கள் அயல் வீடுகளுக்கு ஓடுவோம். முதலாவது தட்டம் வேலிக்கு அப்பாலுள்ள சைவ வீட்டுக்குச் செல்லவேண்டும். அதன் பின்னரே எங்கள் வாயிற் பலகாரம் படலாம். இது அம்மாவின் கட்டளை. அத்தட்டம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒருபிடி சீனியாயினும் அதில் இருக்கும். தைப்பொங்கலன்று அவ்வீட்டுப் புக்கை எங்கள் வீட்டுக்கு வரும்.

1983ஆம் ஆண்டின் பின்னர் அவ்வீதியிலிருந்தோரிற் பலர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நோர்வேக்கும் சென்றுவிட்டனர். என் தங்கை ரொறன்ரோவிலே குடியிருக்கிறாள். இங்கே நள்ளிரவு மணி ஒலிக்கும்போது அங்கே முதல்நாட் பிற்பகல் ஒன்றரை மணி. பலர் வேலைத்தலங்களில் நிற்கும் நேரம். சென்ற நத்தாருக்கு முன்னர், தங்கையின் மகள் தொலைபேசியில் என்னிடம் கேட்டாள்: “மாமா, கடையில எல்லாப் பலகாரமும் பெட்டியில கிடைக்குது. அம்மா ஏன் இந்த வயசிலயும் அடுப்படியில நிண்டு கஷ்டப்படுறா?” அன்று என்னிடம் தக்க விடை இருக்கவில்லை.

நமது வழமையை மாறாது காக்கவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால், எது நமது வழமை? ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றது. அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியது 1619இல். கொக்கிஸின் பெயர் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்ததென்பர். அந்நியர் விட்டுச்சென்ற சொல்லையும் பண்டத்தையும் நம் வீட்டுப் பயற்றம் பணியாரத்தோடு ஒரே தட்டத்தில் வைத்தோம். அதுவே நமது வழமை ஆயிற்று. ஆகவே, பண்டம் மாறுவதையிட்டு நாம் கலங்கவேண்டியதில்லை.

கோயில் இல்லாத நாட்களும் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளார், இரவு வேளைகளில் வீடுகளிலேயே பூசை நிறைவேற்றினார். ஒரு நத்தார் இரவிலே, அவ்வாறு வீடுகளிற் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்ட அப்பெரியாருக்கு அன்று உறைவிடமாக இருந்தவை சாதாரண மக்களின் வீடுகளே. கதவைத் திறந்துவிட ஆள் இருந்தபடியால் நத்தார் அழியவில்லை.

இதனை நினைக்கும்போது, தங்கை முன்னொருகாற் சொன்ன நிகழ்ச்சி ஒன்று என் நினைவுக்கு வருகிறது. 1986இல் அவள் ரொறன்ரோவிற் கண்ட முதலாவது நத்தார் அது. மாடிக் குடியிருப்பின் சிறிய அடுப்படியிற் சன்னல்களை மூடிக்கொண்டு கொக்கிஸ் பொரித்தாள். வெளியே உறைபனி. புகை நிறைந்து, தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. அயலவர்கள் நடைவழிக்கு ஓடிவந்தனர். தங்கைக்கு வெட்கமும் பயமும். என்ன சொல்வதென்று தெரியாமல், பொரித்தவற்றில் ஒரு தட்டத்தை எதிர்வீட்டு முதியவளிடம் நீட்டினாள்.

மறுநாட் காலை அந்த மூதாட்டி கதவைத் தட்டினாள். தட்டத்திலே, தன் கையாற் சுட்ட இனிப்பு ரொட்டி இருந்தது. அவள் போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்து குடியேறியவள். ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை. ரொட்டியைக் காட்டி, “நத்தால், நத்தால்” என்றாள். தங்கைக்கு அது விளங்கிற்று. அம்மாவைப் பிரிந்து வந்த பின்னர் அன்றுதான் தான் வாய்விட்டு அழுததாக அவள் சொன்னாள். அம்மூதாட்டி இறக்கும்வரை அத்தட்டம் இரு வீடுகளுக்குமிடையே போய்வந்தது.

மருமகளுக்கு நான் இப்போது கூறும் விடை இதுதான். பலகாரத்தைக் கடையிலே வாங்கு, அதிற் குற்றமில்லை. உன் தாயின் இடுப்புக்கு ஓய்வு கொடு. ஆனால், பெட்டியைத் திறந்து நீ உண்ணுமுன், யாருடைய கதவைத் தட்டப்போகிறாய்? கதவைப் பூட்டிவிட்டு, ஊர்ப் பலகாரத்தை ஊர்ச்சுவை மாறாது உண்டால் நாக்கு ஊரை நினைக்கும், அவ்வளவுதான். தமிழறியாத ஓர் அயலவருக்கு ஒரு தட்டத்தைக் கொடுத்தால், எங்கள் வீதியின் வழமை அங்கேயும் தொடரும்.

பிறநாட்டிலுள்ளோருக்கு மாத்திரம் இதனைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் ஊரிலும் வேலிகள் போய் மதில்கள் எழுந்துவிட்டன. சென்ற நத்தாரன்று நான் தட்டம் அனுப்பியது ஒரேயொரு வீட்டுக்கு. மதிலுக்கு அப்பால் அண்மையிற் குடிவந்தோரின் பெயரையும் நான் அறியேன். இவ்வாண்டு முதலாவது தட்டம் அவர்களுக்கே.