ஜீவாளியும் வால்வும்

தம்பூராவின் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூல் இருக்கும். அதை மயிரிழை நகர்த்தினால் போதும், மந்தமாகக் கிடந்த கம்பி ரீங்கரிக்கத் தொடங்கிவிடும். ஜீவாளி என்று பெயரிட்டவர் சரியாகத்தான் பெயரிட்டிருக்கிறார். மாதுங்கா, செம்பூர் ரசிகர்களுக்கு இது பழகிய காட்சி. 1963இல் திறந்து, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டெழுந்த சண்முகானந்தா அரங்கில் எத்தனையோ வித்வான்கள் திரை விலகுமுன் இந்த நூலோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தாராவி. இசை அங்கே வேறு ஜாதி. 2018இல் ‘காலா’ படத்தில் சந்தோஷ் நாராயணனோடு கைகோத்த டோபடெலிக்ஸ் என்ற ராப் குழு இந்தக் குடியிருப்பில் முளைத்ததுதான். இந்த இசையில் சொல்லுக்கு அடுத்த இடம் பாஸுக்கு. ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது செல்போன். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நான்கு கம்பி பாஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. செல்போனின் பொத்தான் அளவு ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. இருந்தும் சில பதிவுகளில் பாஸ் கேட்கிறது, சிலவற்றில் மாயமாகிவிடுகிறது. காரணம் காதின் தந்திரம். 41இன் மடங்குகளான 205, 246, 287 ஆகியவை வந்து சேர்ந்தால், வராத 41ஐ மூளை தானே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளும். ஆக, அடிச்சுரத்தைக் கூட்டிப் பயனில்லை. மேற்சுரங்கள் வேண்டும். ஜீவாளி செய்வதும் அதையேதான். மந்தரக் கம்பியை மீட்டினால் அந்தர காந்தாரம் மிதந்து வருகிறதே, அது அடிச்சுரத்தின் ஐந்தாம் மடங்கு.

மின்சாரத்தில் அந்த நூலின் வேலையைச் செய்வது வால்வு, பழைய ரேடியோப் பெட்டியில் செம்மஞ்சளாய் ஒளிர்ந்த அதே கண்ணாடிக் குழாய். பாஸ் பெடல்களில் அதிகம் காணப்படுவது 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் இசிசி83. உள்ளே வரும் அலையை அது நேர்க்கோட்டில் பெருக்குவதில்லை. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக அமுக்குகிறது. அந்தக் கோணலில் முதலில் பிறப்பது மேல் ஷட்ஜம். மூல சுரத்தோடு அது சண்டையிடாது. இசைக்காரர்கள் ‘வார்ம்’ என்று சிலாகிப்பதில் பெரும்பகுதி இதுதான்.

1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப்ளிஃபையரில் இப்படி 14 வால்வுகள், 300 வாட். ஸ்பீக்கர் பெட்டி நீங்கலாகவே 35 கிலோவைத் தாண்டும். மாலை ஆறு மணி லோக்கலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுபவரை மும்பை மன்னிக்காது. எனவே ஒற்றை வால்வுப் பெடல்.

வாங்கப் போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆம்ப்ளிஃபையர்களில் இந்த வால்வு 200, 300 வோல்ட்டில் வேலை செய்கிறது. மலிவான பெடல்கள் பலவற்றில் 9 அல்லது 12 வோல்ட்தான். பட்டினி போட்ட வால்வு என்று இதற்குக் கேலிப்பெயர். பட்டினி கிடப்பவர் போலவே சீக்கிரம் கரகரக்கும். அந்தக் கரகரப்பை விரும்புகிறவர்களும் உண்டு, அது ருசி. கண்ணாடி ஜன்னல் வழியே தெரியும் பளபளப்பு வால்வின் ஒளிதானா, பின்னால் ஒளித்துவைத்த எல்இடி விளக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரை நம்பவே கூடாது. உலகப் புகழ்பெற்ற இபனேஸ் ‘டியூப் ஸ்க்ரீமர்’ பெடலுக்குள் ஒரு டியூபும் கிடையாது, சில்லுதான்.

மின்சாரம் தனிக் கதை. வால்வின் இழையைச் சூடாக்க மட்டும் 12.6 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் போகிறது. சின்ன 9 வோல்ட் பேட்டரி இதற்குத் தாங்காது. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் உறுமல் இலவச இணைப்பு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன. எங்கோ போர் மூண்டால் இங்கே விலை ஏறுகிறது. 2022இல் ஏறியது.

எல்லாவற்றையும்விட முக்கியமான குமிழ் ‘பிளெண்ட்’. வால்வை மிகவும் முறுக்கினால் மேற்சுரம் பெருகும், அடிநாதம் மெலியும். பெரிய ஸ்பீக்கரில் பாட்டு சப்பென்றாகிவிடும். சுத்தமான ஒலியையும் வால்வில் வதங்கிய ஒலியையும் கலக்கும் வசதி இல்லாத பெடலை பாஸுக்கு வாங்குவது வீண்செலவு. வால்வே இல்லாமல் இந்த வேலையைச் செய்யும் சான்ஸ்ஆம்ப் பாஸ் டிரைவர் போன்றவையும் எத்தனையோ ஒலிப்பதிவுகளில் இடம்பிடித்திருக்கின்றன. வாடகை அறையில் நாலு பேராகக் காசு போட்டுப் பதிவு செய்யும் குழுவுக்கு அது கௌரவக் குறைச்சல் அல்ல.

கடையில் பெடலை மிதித்ததும் ஒலி பிரமாதமாகிவிட்டதாகத் தோன்றும். பாதி நேரம் சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மிதிப்பதற்கு முன்னும் பின்னும் சத்தத்தைச் சமமாக வைத்து, இரண்டையும் பதிவு செய்து, செல்போனில் ஒரு முறை, தெருமுனைப் பந்தலின் பெரிய பெட்டியில் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.