வாத்துக்கும் கால் உண்டு

ஒரு வாத்துக்குக் கால் நொண்டினால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பாமரர்கள் அல்லர். படித்தவர்கள், பத்திரிகை வாசிப்பவர்கள், மேடை கிடைத்தால் ஜீவகாருண்யத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூடியவர்கள். "மனுஷனுக்கே மருந்து கிடைக்காத தேசத்திலே வாத்துக்கு வைத்தியமா, ஸார்?" என்று ஒரு நண்பர் சிரித்தார். கேட்பதற்கு இந்த வாதம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கவனித்த வரையில், வாத்துக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஏழை நோயாளியிடம் கொடுத்தவர் எவரும் இல்லை. அந்தப் பணம் சட்டைப் பையிலேயே தங்கிவிடுகிறது. ஏழை மனிதன் இவர்களுக்கு ஒரு மறைப்பு. அவனை முன்னால் நிறுத்தி வாத்தைத் தட்டிக் கழிக்கிறார்கள். நாளைக்கு அந்த ஏழையே வாசலில் வந்து நின்றால், அவனைத் தட்டிக் கழிக்க வேறு யாரையாவது தேடிப் பிடிப்பார்கள்.

வாத்து என்றாலே நமக்கு இளக்காரம். ஒருவனைத் திட்ட வேண்டுமானால் 'வாத்து மடையன்' என்கிறோம். பெண்ணின் நடை அழகாக இருந்தால் அன்ன நடை. இல்லாவிட்டால் வாத்து நடை. அன்னமும் வாத்தும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்று பறவை சாஸ்திரம் சொல்கிறது. நம் புலவர்கள் பணக்கார உறவினரைக் கூடத்தில் உட்கார்த்திவைத்துப் பாடிவிட்டு, ஏழை உறவினரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள் போலும்! வாத்து ஆடி ஆடி நடப்பது மடத்தனத்தினால் அல்ல. அதன் கால்கள் உடம்பில் சற்றுப் பின்னால் தள்ளி அமைந்திருக்கின்றன. நீந்துவதற்கு ஏற்ற அமைப்பு அது. துடுப்பாக இருக்க வேண்டிய காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றவைத்துவிட்டு, நடை சரியில்லை என்று சிரிப்பவர்கள் நாம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பெண் குழந்தை ஆசைப்பட்டாள் என்று சந்தையிலிருந்து ஒரு வாத்துக் குஞ்சு வாங்கி வந்தார்கள். ராஜாத்தி என்று பெயர் வைத்தாள் குழந்தை. பெயர்தான் ராஜாத்தி, வாசம் குளியலறைக்கு அடுத்த சந்தில். வெயில் எட்டிப் பார்க்காத இடம். ஆகாரம், கடையில் விற்கிற கோழிக் குஞ்சுத் தீவனம்; நடுநடுவே ரொட்டித் துண்டும் மிஞ்சின சோறும். முதல் இரண்டு வாரம் குழந்தை போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடிற்று. நாலாவது வாரம் பத்தடி நடந்தால் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் கால் மூட்டுகள் வீங்கி, இரு கால்களும் வில்லாக வளைந்து, இறக்கையைத் தரையில் ஊன்றி நகர ஆரம்பித்தது.

வாதம் என்றார் ஒருவர். திருஷ்டி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மசாலா அரைக்கச் சொன்னார். குழந்தையின் தகப்பனாரும் நானும் அதைக் கூடையில் வைத்து ஒரு வைத்திய நிலையத்துக்குக் கொண்டுபோனோம். "வாத்தா?" என்று கேட்டுவிட்டு, ஜாதி நாய் ஒன்றைக் கவனிக்கப் போய்விட்டார்கள். வேறொரு இடத்தில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். அவர் காலைத் தொடுவதற்கு முன்னாலேயே, "என்ன தீனி போடறீங்க?" என்று கேட்டார்.

"கோழித் தீவனம்தான் டாக்டர். நல்ல கம்பெனி."

"இது கோழி இல்லையே!"

மூன்றே வார்த்தை கொண்ட இந்தப் பதிலில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நியாசின் என்று ஒரு வைட்டமின். ஒரு கிலோ தீவனத்தில் அது சுமார் 35 மில்லிகிராம் இருந்தால் கோழிக் குஞ்சுக்குப் போதும் என்பது கணக்கு. வாத்துக் குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் வேண்டும். புரதத்திலுள்ள ஒரு பொருளைக் கொண்டு இந்த வைட்டமினை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் சாமர்த்தியம் கோழிக்கு ஓரளவு உண்டு. வாத்துக்கு மிகவும் குறைவு. ஆகவே கோழிக்காக அளந்து கலந்த தீவனம் வாத்துக்கு எட்டாமல் போகலாம். அதன் மேல் ரொட்டியும் சோறும் வயிற்றை அடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேகமாக வளருகிற உடம்பைத் தாங்க முடியாமல் கால் வளைகிறது. திருஷ்டியும் இல்லை, பூர்வ ஜன்ம பலனும் இல்லை.

'ஒரு பறவையின் காலைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலுள்ள வைட்டமின் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கட்டும். 1890-களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பரிசோதனைக்கு வைத்திருந்த கோழிகள் திடீரென்று கால் துவண்டு தள்ளாடின. காரணம் புரியவில்லை. அவற்றுக்கு ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு புதுச் சமையற்காரன் வந்தான். 'ராணுவத்து அரிசியைச் சிவில் கோழிகளுக்குப் போட முடியாது' என்று மறுத்துவிட்டான். கோழிகளுக்குத் தவிடு போகாத மட்ட அரிசி வந்தது. கோழிகள் எழுந்து நடந்தன! இப்படி ஒரு சமையற்காரனைக் கதையில் படைத்தால் விமர்சகர்கள் நம்பமாட்டார்கள். தவிட்டில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் காலுக்குப் பலம் தருகிறது என்று அந்த நொண்டிக் கோழிகள் காட்டிக் கொடுத்தன. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. கோழிகளுக்கு என்ன கிடைத்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அது வேறு வைட்டமின். நியாசினின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. நாய்க்கு வருகிற கருநாக்கு நோயை அது தீர்க்கிறது என்று 1937-ல் அமெரிக்காவில் எல்வேஜெம் கண்டார். மனிதனுக்கு வருகிற பெல்லாக்ரா நோய்க்கும் அதே மருந்துதான் என்று உடனே தெரிந்தது. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வருவதைப் பற்றி, ஹைதராபாத்தில் ஆராய்ந்த டாக்டர் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் எழுதினார்கள். ராஜாத்திக்குக் குறைந்ததும் அந்த ஏழைகளுக்குக் குறைந்ததும் ஒரே சத்து. 'மனிதனா, வாத்தா?' என்று தராசு பிடிக்கிறவர்கள் இதை எந்தத் தட்டில் வைப்பார்கள்?

டாக்டர் நியாசினை அளந்து தண்ணீரில் கலந்து தரச் சொன்னார். தீனியில் ஈஸ்ட் தூவச் சொன்னார். அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. பத்திரிகையில் படித்துவிட்டு மருந்து கொடுக்கிற துணிச்சல் நம்மவர்களுக்கு ஏற்கனவே வேண்டிய அளவு இருக்கிறது. தவிர, எல்லா நொண்டலும் நியாசின் நொண்டல் அல்ல. உள்ளங்காலில் வீங்கிக் கறுத்த பொருக்கு இருந்தால், கரடுமுரடான தரையில் தேய்ந்த புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிளேடால் கீறுகிற வீட்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையைக் கட்டிப்போட வேண்டும். கால் துவண்டு, பின்பு கழுத்தும் துவண்டால், அழுகிய குட்டையில் எதையோ தின்று விஷம் ஏறியிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சத்து வேண்டும் என்று பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைப் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1960-ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ லட்சம் வான்கோழிகள் அப்படிப்பட்ட பிண்ணாக்கைத் தின்று மாண்டன. அந்த விஷத்துக்கு வாத்துக் குஞ்சு எவ்வளவு சீக்கிரம் பலியாகும் என்றால், தீவனத்தில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க விஞ்ஞானிகள் வாத்துக் குஞ்சையே உபயோகித்தார்கள்.

மருந்தைவிட மற்ற ஏற்பாடுகள்தான் அந்த வீட்டாருக்குக் கஷ்டமாக இருந்தன. சிமெண்டின் மேல் வைக்கோல் பரப்ப வேண்டும். நனைந்தால் மாற்ற வேண்டும். காலை வெயிலில் வைக்க வேண்டும். தீனியும் தண்ணீரும் கழுத்து நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சிறிது நேரம் மிதக்கவிட வேண்டும். தண்ணீர் உடம்பின் கனத்தை வாங்கிக்கொள்ள, கால் வலியில்லாமல் துழாவும். பிறகு துடைத்து உலர்த்த வேண்டும். குஞ்சுக்குக் குளிர் ஆகாது. தூக்கும்போது காலையோ இறக்கையையோ பிடிக்கக் கூடாது. இறக்கையை உடம்போடு அணைத்து, வயிற்றின் கீழே கை கொடுக்க வேண்டும். இதில் எதுவும் பணம் பெறாத காரியம். தினம் குனிய வேண்டிய காரியம். குழந்தை குனிந்தாள். பெரியவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

இந்தப் போட்டோ எடுக்கிற அன்பைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். 'நாங்கள் அதைக் குழந்தை மாதிரி வளர்க்கிறோம்' என்கிறார்கள். குழந்தை மாதிரி வளர்த்ததுதான் தப்பு. வாத்து மாதிரி வளர்த்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துக்களை ஓட்டிக்கொண்டு போகிறவரைப் பாருங்கள். கையில் ஒரு கோல். வாயில் ஒரு விசித்திர ஒலி. எந்த வாத்துக்கும் அவர் பெயர் வைத்ததில்லை; மடியில் வைத்துக் கொஞ்சினதில்லை. அவை சிந்தின நெல்லும் நத்தையும் புழுவும் பொடி மீனும் தின்று, சேற்றில் மைல் கணக்கில் நடக்கின்றன. அவர் முட்டைக்கும் கறிக்கும்தான் வளர்க்கிறார். ஆனாலும் உயிரோடு இருக்கும் வரையில் அவை வாத்துக்களாக இருக்கின்றன.

"நீரும் வாத்து முட்டை தின்கிறவர்தானே?" என்று கேட்கலாம். தின்கிறேன். தின்கிறவனுக்குத்தான் இதில் கூடுதல் கடமை. கழுத்தை அறுப்பது வேறு. அதற்கு முன் பத்து மைல் தூரம் காலைக் கட்டிச் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிடுவது வேறு. வீணான வேதனை உண்டாகும்படி பிராணியைக் கொண்டுபோவது குற்றம் என்று 1960-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு சட்டத்துக்காக ராஜ்ய சபையில் முதலில் மசோதா கொண்டுவந்தவர் நம் சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்காக அவரைக் கொண்டாடுகிறோம். சந்தைக்குப் போகிற சைக்கிள்களைப் பார்த்தால் மற்றது நமக்கு நினைவிருப்பதாகத் தெரியவில்லை.

ராஜாத்தி நடக்கிறது. சீக்கிரமே கவனித்ததால் பிழைத்தது. எலும்பு வளைந்தபடியே முற்றியிருந்தால் எந்த மருந்தும் நிமிர்த்தாது. இடது கால் மட்டும் இன்னும் சற்று உள்பக்கம் திரும்பியிருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பார்த்த தீவனச் சாக்குகளில் கொழுகொழுவென்று ஒரு கோழிப் படம் இருக்கிறது. புரதம் இத்தனை சதவீதம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 'வாத்துக் குஞ்சுக்கு இது மட்டும் போதாது' என்று தமிழில் ஒரு வரி இல்லை. கம்பெனிக்காரர்கள் அந்த வரியை அச்சடிக்க வேண்டும். அதுவரையில் கடைக்காரர் வாயால் சொல்லட்டும். குஞ்சு விற்கிறவரும் சொல்லட்டும். என்ன தீனி என்று ஒரு வார்த்தை கேட்காமல் விலையை மட்டும் பேரம் பேசுகிறவர் வந்தால், அவரிடம் குஞ்சைக் கொடுக்காமல் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அதற்குக் கால் வளையாது.